இருபத்திரண்டாம் மைலில் கழற்றிய பட்டை

வெர்லின் ஸ்டோக் சிரித்ததை இருபத்தோரு வருஷத்தில் நான் நாலு தடவை பார்த்திருக்கிறேன். அதில் இரண்டு தடவை அவருக்குப் பல்வலி.

ஆள் ஆறடி மூன்று அங்குலம். அகலம் என்று பார்த்தால் மண்வெட்டிப் பிடி அளவு. பக்கவாட்டில் திரும்பி நின்றால் எங்கள் மேஸ்திரி "வெர்லின் இன்னும் வரலையா?" என்று அவரிடமே கேட்பார். எங்கள் ஒயின் ஆலையில் தொட்டி கழுவுவது அவர் வேலை. ஒவ்வொரு இரும்புத் தொட்டிக்கும் அடியில் ஒரு சின்னக் கதவு உண்டு. அதற்குள் நான் நுழைந்தால் என்னை வெளியே எடுக்கத் தொட்டியைத்தான் வெட்ட வேண்டும். வெர்லின் பாம்பு மாதிரி உள்ளே போவார், குழாயை இழுத்துக்கொள்வார், அரை மணி நேரம் கழித்துப் பாம்பு மாதிரியே வெளியே வருவார். அறுவடை முடிகிற சமயத்தில் கை முழங்கை வரைக்கும் கத்தரிக்காய் நிறமாக இருக்கும். நான் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறவன். பேர் லாலோ. மெக்சிகோவில் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. இந்த ஆல்டர் பள்ளத்தாக்கில் என் வாய்க்குப் பயந்து குருவிகள் கூட வேறு தோட்டத்துக்குப் போய்விட்டன என்பார்கள். வெர்லினுக்கு வாயே கிடையாது. அதனால் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை.

ஒயின் ஆலையில் வேலை செய்துகொண்டு ஒரு சொட்டு குடிக்காத மனிதர் அவர். முன்னால் அப்படி இல்லை. முப்பத்து மூன்று வயது வரைக்கும் இந்தப் பள்ளத்தாக்கில் விளைந்ததில் பாதியை அவரே குடித்தார் என்று ஊரில் சொல்வார்கள். அது அநியாயம். மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆறு வயது மகள் ட்ரூடியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வண்டியைப் பாசனக் கால்வாய்க்குள் விட்டார். பிள்ளைக்கு இடது கை இரண்டு இடத்தில் முறிந்தது. மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து மாநிலமான ஓரிகனில் அக்கா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. கோர்ட்டில் லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். வீட்டிலிருந்து ஆலைக்கு ஏழு மைல். முதலில் நடந்து வந்தார், தினமும் தாமதம். மேஸ்திரி கத்தினார். அதனால் ஓட ஆரம்பித்தார், ரப்பர் பூட்ஸோடு. இதுதான் அவர் ஓட்டக்காரர் ஆன கதை.

அதே வருஷம்தான் எங்கள் ஊரில் மாரத்தான் ஆரம்பித்தார்கள். அக்டோபரில், திராட்சை எல்லாம் உள்ளே போன பிறகு, பள்ளத்தாக்கின் வடக்கு முனையில் கிளம்பித் தெற்கே உயர்நிலைப்பள்ளி மைதானம் வரை இருபத்தாறு மைல். இரண்டு பக்கமும் சிவந்து உதிர்கிற திராட்சை இலை. எங்கெங்கிருந்தோ இரண்டாயிரம் பேர் வருவார்கள், அழகு அழகு என்று போட்டோ எடுப்பார்கள், பதினெட்டாம் மைல் மேட்டில் அதே அழகைக் கெட்ட வார்த்தையில் திட்டுவார்கள். ஆலையில் யாரோ விளையாட்டுக்கு வெர்லின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவர் வேலைக் கால்சட்டையோடு போய் ஓடி முடித்தார்.

அடுத்த வாரம் ஊர்ப் பத்திரிகையில், ஓடி முடித்தவர்கள் பெயரை வரிசையாகப் போட்டார்கள். வெர்லின் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து, உறையில் போட்டு ஓரிகனுக்கு, மகள் பெயருக்கு அனுப்பினார். கடிதம் எதுவும் இல்லை, அந்தத் துண்டு மட்டும். அடுத்த வருஷமும் ஓடினார், அனுப்பினார். அதற்கடுத்த வருஷமும்.

நான் ஒரு தடவை கேட்டேன்.

"ஏன் பெருசு, உள்ள ரெண்டு வரி எழுதி வச்சா கை உடைஞ்சா போயிடும்?"

"எழுதினா அந்தப் பிள்ளை நம்பாது. குடிச்ச காலத்துல நான் எழுதாத கடுதாசியா."

"பேப்பர்ல வந்தா மட்டும் நம்புமா?"

"பேப்பர்காரன் எனக்கு மச்சான் இல்லையே."

"சரி, பதில் வருதா?"

வெர்லின் குழாயைச் சுருட்டி முடித்தார். அப்புறம் சொன்னார். "உறை திரும்பி வரல."

அது போதும் அவருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை, இன்னும் குடிக்கவில்லை என்று சொல்லி அனுப்ப அவருக்கு அந்த ஒரு வரிதான் இருந்தது.

எங்கள் மாரத்தானில் ஒரு வழக்கம். முதல் வருஷத்திலிருந்து ஒரு தடவை கூட விடாமல் ஓடி முடித்தவர்களுக்குத் தனிப் பலகை உண்டு. ஆரம்பத்தில் அதில் ஐம்பது பெயருக்கு மேல் இருந்தது. முழங்கால் சிலரை எடுத்தது, இருதயம் சிலரை எடுத்தது, ஒருத்தரை இரண்டாம் கல்யாணம் எடுத்தது. முப்பதாம் வருஷம் வந்தபோது பலகையில் மிச்சம் இரண்டே பேர். ஒருத்தர் சாக்ரமெண்டோவிலிருந்து வருகிற பல் டாக்டர் அம்மா. இன்னொருவர் வெர்லின்.

அந்த வருஷம் செப்டம்பரில், திராட்சைத் தோல் வழவழத்த தரையில் வெர்லின் விழுந்தார். இடுப்பு சிமெண்டில் அடித்த சத்தம் வெளியே டிராக்டரில் இருந்த எனக்கே கேட்டது.

"ஒண்ணுமில்ல" என்றார். அவர் அகராதியில் அதுதான் பெரிய வார்த்தை. அதற்குப் பிறகு அவர் இடது கால், தரையிடம் ஒவ்வொரு தடவையும் அனுமதி கேட்டுத்தான் இறங்கியது.

"இந்த வருஷம் விட்ரு பெருசு" என்றேன்.

"விட்டா அங்க என்ன நெனைக்கும்?"

அங்கே என்றால் ஓரிகன். நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது மாரத்தானை விடக் கஷ்டம்.

மாரத்தான் அன்றைக்கு என் வேலை கடைசி வேன். காலை ஏழு மணிக்கு ஓட்டம் ஆரம்பம், மதியம் ஒரு மணிக்கு முடிவு. ஆறு மணி நேரம். சரியாக ஒரு மணிக்கு மைதானத்தைத் தொடுகிற வேகத்தில் என் வேன் எல்லாருக்கும் பின்னால் ஊர்ந்து போகும். வேன் யாரைத் தாண்டுகிறதோ அவர் வேனில் ஏற வேண்டும், இல்லையென்றால் நடைபாதைக்குப் போய்விட வேண்டும். எனக்குப் பின்னால் சாலையைத் திறந்து விடுவார்கள். ஓட்டக்காரர்கள் என் வேனுக்குப் பாடை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உலகத்திலேயே ஏசியும் உப்பு பிஸ்கட்டும் உள்ள பாடை அது ஒன்றுதான்.

அன்றைக்குக் காலையில் பனிமூட்டம். பத்து மணிக்குத்தான் கொஞ்சம் விலகியது. பத்தொன்பதாம் மைலில் டர்வுட் என்று ஒருத்தர் ஏறினார், இன்சூரன்ஸ் விற்கிறவர். உடம்பு முழுக்க ஊதா பலூன் கட்டித் திராட்சைக் குலை வேஷம். ஏறும்போது நாற்பது பலூன் இருந்தது. உட்கார்ந்ததும் இருபத்தாறு.

"பரவால்ல சார், அறுவடை முடிஞ்சுது" என்றேன்.

"என்னை வச்சு ரசமே எடுத்துட்டாங்கப்பா" என்றார், தொடையைப் பிடித்துக்கொண்டு.

பதினேழாம் மைலிலிருந்தே வெர்லின் என் கண்ணாடிக்கு முன்னால்தான் போய்க்கொண்டிருந்தார். இருநூறு அடி இருந்த இடைவெளி நூறானது, ஐம்பதானது. என் சிநேகிதரை நானே மாடு மாதிரி விரட்டிக்கொண்டு போகிறேன். பிரேக்கில் காலை வைத்துப் பார்த்தேன். உடனே ரேடியோ கரகரத்தது. பேசியது மார்லிஸ். மாரத்தான் நடத்துகிற அம்மா, மற்ற நாளில் பள்ளிக்கூட ஆபீஸில் வேலை.

"லாலோ, ஏன் நிக்கிற? பின்னாடி ரோட்டைத் தொறக்கணும்."

"டயர்ல திராட்சை ஒட்டிக்கிச்சும்மா."

"லாலோ."

"வரேன்மா."

இருபத்திரண்டாம் மைல் கல்லுக்குப் பக்கத்தில் வெர்லின் திராட்சை வரிசையின் மூலைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. வேனை ஓரம் கட்டி இறங்கினேன்.

"ஏறு பெருசு."

"ஏற மாட்டேன்."

"டர்வுட் சாரே ஏறிட்டார். எவ்ளோ பெரிய மனுஷன், அவரே வெக்கப்படல."

உள்ளேயிருந்து டர்வுட் சொன்னார். "பிஸ்கட் இருக்கு, வாங்க."

வெர்லின் அவரைப் பார்க்கவில்லை. "மணி என்ன?"

"பன்னெண்டு அஞ்சு."

"இன்னும் நாலு மைல்."

"நாலும் கொஞ்சமும். இந்தக் காலோட ஒன்றரை மணி நேரம் ஆகும்."

"ஒரு மணிக்குப் பாயைச் சுருட்டிடுவாங்க" என்றார். பாய் என்றால் முடிவுக் கோட்டில் விரித்திருக்கிற ரப்பர் பாய். ஓடுகிறவர்கள் கணுக்காலில் ஒரு பட்டை கட்டியிருப்பார்கள், அதில் நகம் அளவு ஒரு சிப். பாயை மிதித்ததும் நேரம் பதிவாகும். பாயைச் சுருட்டிவிட்டால் நடந்து போனாலும் பறந்து போனாலும் பத்திரிகையில் பெயர் வராது.

வெர்லின் உதடு நடுங்கியது. இருபத்தோரு வருஷத்தில் நான் அதைப் பார்த்ததில்லை. என் மூளை பொதுவாக ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யாது. அன்றைக்கென்று வேலை செய்தது.

"பட்டையைக் குடு பெருசு."

"எதுக்கு?"

"நீ நடைபாதையில நடந்து வா. எப்படியும் நடக்கத்தான போற? நான் பட்டையை மட்டும் முன்னாடி கொண்டு போறேன். பொட்டிய முன்னாடி பஸ்ல போட்டு அனுப்பிட்டு ஆள் பின்னாடி வரதில்லையா, அதே மாதிரி. கால் கொஞ்சம் லேட்டா வருது, அவ்வளவுதான்."

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் தெற்கே சாலையைப் பார்த்தார். ரேடியோவில் மார்லிஸ் மறுபடியும் என் பெயரைக் கூப்பிட்டார். வெர்லின் கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கி என் பக்கம் நீட்டினார். நான் குனிந்து பட்டையைக் கழற்றினேன்.

மைதானத்துக்கு வந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து. வேனைப் பின் வாசலில் நிறுத்தி டர்வுட்டை இறக்கினேன். உதவி ஆட்கள் போடுகிற ஆரஞ்சு சட்டையைப் போட்டுக்கொண்டு, வரும் ஆட்களுக்குப் போர்த்துகிற போர்வையில் நாலை எடுத்துத் தோளில் போட்டு, பட்டையைக் கால்சட்டைப் பையில் வைத்து, போர்வை கொடுக்கப் போகிறவன் மாதிரி சும்மா பாய் மேல் நடந்தேன். பாய் தலையை எண்ணுகிற சாமான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது பெயரையும் சொல்லும் என்று எனக்குத் தெரியாது. மைக் பிடித்தவர் கையில் ஒரு திரை இருந்தது. நான் மிதித்த நொடியில் அதில் பெயர் வந்திருக்கிறது.

"இதோ வந்துட்டாருங்க" என்று ஒலிபெருக்கி பள்ளத்தாக்கு முழுக்கக் கத்தியது. "முப்பது வருஷம், ஒரு வருஷம் கூட விடாம. நம்ம ஊரு வெர்லின் ஸ்டோக்."

பள்ளிக்கூட பேண்டு வாத்தியம் ஆரம்பித்தது. வைக்கோல் கட்டுகளில் உட்கார்ந்திருந்த முந்நூறு பேர் எழுந்தார்கள். காலையிலேயே ஓடி முடித்த பல் டாக்டர் அம்மா வெர்லின் பெயர் எழுதிய அட்டையைத் தலைக்கு மேல் தூக்கினார். எல்லாரும் பார்த்த இடத்தில் நான் நின்றேன். குட்டை ஆள், ஆறு மாதத் தொப்பை, நாலு போர்வை.

ஊதல் ஒவ்வொன்றாக நின்றது. டிரம் அடித்த பெண் மட்டும் கவனிக்காமல் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

மார்லிஸ் என் பக்கத்தில் வந்தார். கத்தவில்லை.

"லாலோ, பையில என்ன?"

பட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

"அவர் எங்க?"

"நடந்து வராரு. நெஜமா நடந்துதான் வராரு. நீங்க ஒரு மணிக்குப் பாயைச் சுருட்டிடுவீங்கன்னு."

மார்லிஸ் கண்ணை மூடித் திறந்தார். "அவருக்காக மூணு மணி வரைக்கும் விரிச்சு வைக்கிறதா இருந்தோம். எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தேன்."

"எங்கிட்ட சொல்லலியே."

"உங்கிட்டயா? உங்கிட்ட சொன்னா அவர் காதுக்குப் போயிருக்கும். தனக்காக நிக்கிறாங்கன்னு தெரிஞ்சா அந்த மனுஷன் அப்பவே விலகிப் போயிருப்பார்."

அவர் சொன்னது நிஜம். என் வாயைப் பற்றி அவ்வளவு சரியாக என் மனைவி கூடச் சொன்னதில்லை.

ஒரு மணி முப்பத்து நாலுக்கு வெர்லின் வந்தார். நடைபாதையிலேயே நடந்து, ஒரு காலைத் தூக்கி ஒரு காலை இழுத்து. பாய் விரித்தபடி இருந்தது, கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, ஜனங்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அவர் பாயை மிதித்தார். பட்டை இல்லாத காலுக்கு அது சத்தம் போடவில்லை. மைக் பிடித்தவர் தலையைக் குனிந்துகொண்டார். அங்கங்கே ரெண்டு பேர் கை தட்டி, மற்றவர்கள் தட்டாததைப் பார்த்து நிறுத்தினார்கள். பல் டாக்டர் அம்மா அட்டையைத் தரையில் கவிழ்த்து வைத்திருந்தார்.

வெர்லின் கடிகாரத்தைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். ஜனங்களைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது. திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. புல்லில் உட்கார்ந்து ஷூவின் நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார். முடிச்சு விழுந்து இறுகிவிட்டது. நான் உதவிக்குக் குனிந்தேன். காலை இழுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை மார்லிஸ் என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதம் கொடுத்தார். கமிட்டியில் பேசியிருந்தார்கள். அவர் இருபத்தாறு மைலும் தன் காலால்தான் வந்தார், வழியில் பார்த்த ஆட்கள் உண்டு, அதனால் ஆறு மணி முப்பத்து நாலு நிமிஷம் என்று கையால் எழுதிச் சேர்க்கலாம், பலகையிலும் பெயர் இருக்கும். ஒரே நிபந்தனை. பட்டையைத் தனக்குத் தெரியாமல் இன்னொருத்தர் எடுத்துப் போய்விட்டார் என்று வெர்லின் கையெழுத்துப் போட வேண்டும். வியாழக்கிழமை பத்திரிகைக்குப் பட்டியல் போகிறது.

எனக்கு உயிர் வந்தது. நேராக அவர் வீட்டுக்குப் போனேன். சமையலறை மேஜையில் உட்கார்ந்து இடுப்பில் ஐஸ் பையை வைத்துக்கொண்டிருந்தார். காகிதத்தை முன்னால் வைத்தேன்.

"கையெழுத்துப் போடு பெருசு. லாலோ திருடிட்டான்னு போடு. எனக்கு இந்த ஊர்ல கெட்டுப்போக என்ன பேரு இருக்கு?"

அவர் இரண்டு தடவை படித்தார். "நீ திருடலையே."

"திருடினேன்னு வச்சுக்கயேன்."

"நான் காலை நீட்டினேன்."

"வலியில நீட்டின. அந்த வலியில தலையைக் கேட்டிருந்தாலும் நீட்டியிருப்ப."

"நீட்டினேன்ல."

"ட்ரூடி பாப்பா தேடுமே பெருசு. இத்தனை வருஷமா வந்தது இந்த வருஷம் வரலன்னா, அப்பா மறுபடி குடிக்க ஆரம்பிச்சுட்டாருன்னுதான் நெனைக்கும்."

"நெனைக்கும்."

"அப்புறம் என்ன? ஒரு கோடு கிழி."

ஐஸ் பையை மேஜையில் வைத்தார். தண்ணீர் காகிதத்துப் பக்கம் ஓடியது, விரலால் தடுத்தார்.

"அன்னைக்குக் கால்வாயிலேருந்து பிள்ளைய எடுத்துட்டு, போலீஸ்காரன்ட்ட நான் மொதல்ல என்ன சொன்னேன் தெரியுமா? நானா குடிக்கலைங்க, சிநேகிதன் ஊத்திவிட்டான்னு சொன்னேன். உடைஞ்ச கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டே பிள்ளை கேட்டுக்கிட்டிருந்துச்சு."

நான் காகிதத்தை ஈரம் படாமல் தள்ளி வைத்தேன்.

வெர்லின் பேனாவை எடுத்தார். அச்சடித்திருந்த வரிகளைக் குறுக்கே அடித்தார். கீழே பெரிய எழுத்தில் 'நானேதான் கொடுத்தேன்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, மடித்து என்னிடம் நீட்டினார்.

"கொண்டுபோய்க் குடு. நீதான் முந்திக் கொண்டுபோறவனாச்சே."

என்னைப் பார்த்து அவர் அடித்த ஒரே கிண்டல் அது. சிரிக்காமல்தான் சொன்னார்.

பள்ளிக்கூடம் அங்கிருந்து மூன்று மைல். நான் போன வேகத்தில் வழியிலேயே ஒரு திராட்சைக் கொடி நட்டு, வளர்த்து, பழம் பறித்திருக்கலாம். பின்னால் பதினோரு வண்டி ஹாரன் அடித்தது. மார்லிஸ் காகிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவர்ட்ட எடுத்துச் சொன்னியா?"

"எனக்குத் தெரிஞ்ச எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"இதுக்கு மேல நான் ஒண்ணும் பண்ண முடியாது லாலோ."

கம்ப்யூட்டரில் அகர வரிசைப் பட்டியல் திறந்தே இருந்தது. அவர் ஒரு விசையைத் தட்டினார். கீழே இருந்த பெயர்கள் எல்லாம் ஒரு வரி மேலே ஏறின. வியாழக்கிழமை பத்திரிகையை நான் ஆறு தடவை பார்த்தேன். எழுத்துக் கூட்டித்தான் படிக்கிற என் கண்ணுக்கே அந்தப் பெயர் இல்லை என்று தெரிந்தது.

அந்த வருஷம் ஓரிகனுக்கு அவர் எதையாவது அனுப்பினாரா என்று நான் கேட்கவில்லை. ஆலையில் என்னோடு பேசினார், வேண்டிய அளவுக்கு. குழாயை எடு, வால்வைத் திற, அந்த மாதிரி.

அடுத்த அக்டோபரில் மறுபடியும் கடைசி வேன் ஓட்டினேன், வேறு ஆள் கிடைக்கவில்லை. பந்தயப் பாதை எங்கள் ஆலையைத் தொட்டுத்தான் போகும். ஞாயிற்றுக்கிழமை, ஆலைக்கு விடுமுறை. ஆனாலும் உள்ளே யாரோ தொட்டி கழுவிக்கொண்டிருந்தார்கள். பெரிய கதவு இழுத்துச் சாத்தியிருந்தது. கதவுக்கு அடியிலிருந்து சிவப்புத் தண்ணீர் வழிந்து சாலைக்கு வந்துகொண்டிருந்தது. ஓடுகிறவர்கள் காலை நனைக்காமல் அதைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

ஹாரன் அடிக்கலாமா என்று யோசித்தேன். அடிக்காமல் போனேன்.